பழைய வீடு வாங்கும் முன் கட்டட ஆய்வு: தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு ஒரு வழிகாட்டி

பழைய வீடு வாங்குகிறவர்கள் வக்கீலிடம் லீகல் பார்க்கிறார்கள், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், வாஸ்துகூடப் பார்க்கிறார்கள். கட்டடத்தின் பலத்தைப் பார்க்க மட்டும் பெரும்பாலும் ஆள் வைப்பதில்லை. கேட்டால், "அதான் பேங்க்ல இருந்து இன்ஜினியர் வந்து பார்த்துட்டாரே" என்பார்கள். பேங்க் அனுப்பும் ஆள் மதிப்பீட்டாளர். நாளைக்குக் கடன் நின்றுபோனால் இந்தச் சொத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அளவெடுப்பார், போட்டோ எடுப்பார், கட்டடத்தின் வயதைக் கணக்கிட்டுத் தேய்மானம் கழிப்பார். மதிப்பில் பெரும்பங்கு மனைக்குப் போய்விடுவதால், கட்டடம் ஆடினாலும் அவர் கணக்கு ஆடாது. உங்களுக்கு வேண்டியது வேறு: இந்த வீடு இன்னும் எத்தனை காலம் தாங்கும், தாங்க வைக்க என்ன செலவாகும், மேலே மாடி எடுக்கலாமா. இதற்குப் பதில் சொல்வது கட்டமைப்பு ஆய்வு.

எப்போது, யாரை வைத்து

விலையை வாய்ப்பேச்சாகப் பேசி முடித்த பிறகு, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அட்வான்ஸ் கைமாறிவிட்டால், பிறகு எந்த விரிசலைக் காட்டினாலும் "பழைய வீடுன்னு தெரிஞ்சுதானே வந்தீங்க" என்றுதான் பேச்சு போகும். உரிமையாளர் டோக்கன் இல்லாமல் முடியாது என்றால் சிறு தொகை கொடுத்து, ஒரு வரி எழுதி வாங்குங்கள்: "வாங்குபவர் தம் செலவில் கட்டமைப்பு ஆய்வு செய்துகொள்ளலாம், ஆய்வில் பெரிய குறை தெரியவந்தால் விலையைத் திருத்திப் பேசலாம், இல்லையேல் டோக்கன் தொகை முழுவதும் திருப்பித் தரப்படும்." கிரய ஒப்பந்தம் போட்டாலும் இந்த வாசகம் அதில் இருக்க வேண்டும்.

ஆள் யார்? மேஸ்திரி அல்ல. அனுபவமுள்ள மேஸ்திரியின் கண் கூர்மையானதுதான். ஆனால் ஒரு பீம் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட அவரால் முடியாது. சிவில் படித்துக் கட்டமைப்பில் முதுநிலை முடித்தவரோ, பழைய கட்டடப் பழுது வேலையில் பல ஆண்டு இருந்தவரோ வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டுக்கு பிளான் போடும் இன்ஜினியர்கள் நிறைய இருக்கிறார்கள். பழைய கட்டடத்தைச் சோதிக்கும் கருவிகளோடு வருகிறவர்கள் குறைவு. சேலத்திலிருந்தோ ஓசூர், பெங்களூரிலிருந்தோ வரவழைக்க வேண்டியிருக்கலாம். போக்குவரத்துச் செலவைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

போனிலேயே கேட்க வேண்டியவை: ரீபவுண்ட் ஹாமர் (காங்கிரீட்டில் அடித்து, துள்ளும் அளவை எண்ணாகக் காட்டுவது), அல்ட்ராசோனிக் கருவி (காங்கிரீட்டுக்குள் ஒலித்துடிப்பு அனுப்பிப் பார்ப்பது), கம்பி கண்டுபிடிக்கும் கருவி உங்களிடமே உண்டா, வெளியே வாடகைக்கு எடுப்பீர்களா? கடைக்கால் (அஸ்திவாரம்) அருகே குழி தோண்டிப் பார்ப்பீர்களா? அறிக்கையில் பழுதுச் செலவு மதிப்பீடு இருக்குமா? கட்டணம் எந்த அடிப்படையில்: சதுர அடிக்கா, வந்து பார்க்கும் முறைக்கா, சோதனைப் புள்ளிக்கா? பழுது வேலையையும் தாமே எடுத்துச் செய்கிற ஒப்பந்ததாரரை ஆய்வுக்கு வைக்காதீர்கள். அவர் கண்ணுக்கு எல்லாமே பழுதாகத்தான் தெரியும். புரோக்கர் சொல்லும் ஆளுக்கு எதுவுமே பழுதாகத் தெரியாது.

வீட்டின் வயதை முதலில் பிடியுங்கள்

உரிமையாளர் சொல்லும் வயதும் கட்டடத்தின் வயதும் ஒத்துப்போவது அபூர்வம். நகராட்சி அல்லது ஊராட்சி அனுமதி வரைபடம், முதல் வீட்டு வரி ரசீது, முதல் இ.பி. இணைப்புத் தேதி, இந்த மூன்றையும் கேளுங்கள். எந்த அறை எப்போது சேர்ந்தது என்பதைக் கூகுள் எர்த்தின் பழைய படங்களிலேயே ஓரளவு பார்த்துவிடலாம்.

வயது தெரிந்தால் கட்டுமான முறை தெரியும், அது தெரிந்தால் எங்கே சிதையும் என்பதும் தெரியும். இந்த வட்டாரத்தில் பொதுவாகக் கண்ணில் படுபவை இவை.

மண் சாந்தில் கட்டிய கருங்கல் சுவர், மேலே நாட்டு ஓடு அல்லது மங்களூர் ஓடு. இதில் சுவரின் எமன் தண்ணீர். ஓடு ஒழுகி மண் சாந்து கரைந்தால் சுவர் நடுவில் வயிறு தள்ளும். வெளிப்பக்கம் சிமென்ட் பூசியிருந்தால் இன்னும் மோசம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே அரிக்கும்.

மெட்ராஸ் டெரஸ். தேக்கு, வேம்பு அல்லது பனை உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரை. நடுவில் பார்த்துப் பயனில்லை. உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் ஈரமும் கரையானும் சேர்கின்றன. அங்கே ஸ்குரூ டிரைவரை அழுத்தினால் அரை அங்குலம் இறங்குகிறதா என்று பாருங்கள். வைரம் பாய்ந்த மரத்தில் முனைகூட இறங்காது.

கல் பலகைக் கூரை. கருங்கல் மலிவாகக் கிடைத்த ஊர் என்பதால் கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் இன்னும் உண்டு. கல்லுக்குள் கம்பி கிடையாது. ஆர்.சி.சி. (கம்பி போட்ட காங்கிரீட்) தளம் உடைவதற்கு முன் தொய்ந்து, விரிந்து எச்சரிக்கும். கல் பலகை எச்சரிக்காமல் உடையும். பலகையின் குறுக்கே மயிரிழை விரிசல் இருந்தாலும் அதற்குக் கீழே உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். இணைப்புகளில் ஒழுகுவது சாதாரணம்; பயப்பட வேண்டியது குறுக்கு விரிசலுக்குத்தான்.

செங்கல் தாங்கு சுவரும் ஆர்.சி.சி. தளமும். நகரத்தில் விற்பனைக்கு வரும் பழைய வீடுகளில் இதுதான் அதிகம். பில்லர் வீடு அதற்குப் பிந்தியது.

இவை எல்லாம் ஒரே வீட்டில் கலந்திருப்பதும் உண்டு: முன்பக்கம் ஓட்டு வீடு, நடுவில் ஆர்.சி.சி., பின்னால் போன வருடம் கட்டிய பாத்ரூம். பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடத்தில் மேலிருந்து கீழே நேர்க்கோட்டில் விரிசல் வரும். அந்தக் கோடு மட்டும் இருந்தால் அச்சப்பட ஒன்றுமில்லை. கீழே ஒடுங்கி மேலே போகப் போக அகலமானால், புதிய பகுதி இறங்கி, பழையதை விட்டு வெளியே சாய்கிறது என்று பொருள்.

கட்டடத்துக்கு முன் மண்

இந்த இரண்டு மாவட்டத்திலும் அஸ்திவாரச் சிக்கலுக்குப் பெரிய காரணம் பாறைதான். பாறை உறுதியானதாயிற்றே என்று தோன்றும். மலையடிவாரச் சரிவில் மனையின் ஒரு பாதியில் 2 அடியிலேயே பாறை வரும். மறு பாதியில் 6 அடி தோண்டினாலும் கொட்டி நிரப்பிய மண் வரும். ஒரு பாதி அசையாது, மறு பாதி மழைக்கு மழை இறங்கும். வீடு நடுவில் பிளக்கும். தெருவை விட வீட்டின் பின்பக்கம் நாலைந்து அடி பள்ளமாக இருந்தால், பின்பக்க பேஸ்மட்டம் எதன் மேல் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது மூடிய கிணறு. விவசாய நிலம் மனையாக மாறிய பகுதிகளில் பெரிய பாசனக் கிணறுகளை மண், குப்பை, கட்டட இடிபாடு கொட்டி மூடியிருப்பார்கள். அது பல ஆண்டுகளுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். எஃப்.எம்.பி. எனும் சர்வே புல வரைபடத்தைப் பாருங்கள், பழைய பத்திரங்களின் சொத்து விவரத்தில் "கிணறு", "கிணற்றில் பாத்தியம்" என்று வருகிறதா என்று படியுங்கள். தெருவில் வயதான ஆள் ஒருவரைக் கேட்டால் காகிதத்தை விட வேகமாகப் பதில் கிடைக்கும். வருவாய்த் துறையின் "அ" பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) நிலவகை ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் ஆய்வுக்கே செலவழிக்க வேண்டாம். அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

வெள்ளம் வந்த இடமா என்றும் கேளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. ஊத்தங்கரையிலும், தென்பெண்ணைக் கரையில் காவேரிப்பட்டணம் போன்ற ஊர்களிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை வீடே சொல்லும். பீரோவுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குக் கீழே, வெள்ளையடிக்க மறந்த இடங்களில் சேற்றுக்கோடு இருக்கும்.

குவாரி அருகே இருந்தால் வெடி அதிர்வு இன்னொரு கவலை. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. ஆனால் குவாரி முதலில் வந்து, வீடு பிறகு நெருங்கிய இடங்களும் உண்டு. பக்கத்து வீடுகளிலும் ஒரே மாதிரி விரிசல் இருந்தால் காரணத்தை வீட்டுக்குள் மட்டும் தேடாதீர்கள்.

நீங்களே போய்ப் பார்க்கும் முதல் சுற்று

இன்ஜினியரை அழைப்பதற்கு முன் ஒரு முறை நீங்களே பாருங்கள். வேண்டாத வீடுகள் இங்கேயே கழிந்துவிடும். பகல் வெளிச்சத்தில், முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். கையில் டார்ச், தூக்குக்குண்டு, ரசமட்டம், சிறு சுத்தியல், ஸ்குரூ டிரைவர், டேப், ஒரு கோலிக்குண்டு, ஒரு பழைய ஏடிஎம் கார்டு இருந்தால் போதும்.

புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் கூடுதல் நேரம் நில்லுங்கள். குறிப்பாக ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட், ஒரே ஒரு அறைக்கு மட்டும் ஃபால்ஸ் சீலிங், தரையிலிருந்து 3 அடிக்கு மட்டும் புதிதாக ஒட்டிய டைல்ஸ். டைல்ஸுக்குப் பின்னால் பெரும்பாலும் தரையிலிருந்து ஏறும் ஈரம்தான் இருக்கும். பேஸ்மட்ட மட்டத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு போடாத சுவர், மண்ணின் நீரை இரண்டு மூன்று அடி வரை உறிஞ்சும். டைல்ஸ் ஒட்டினால் ஈரம் அதற்கு மேலே போய் உப்புப் பூக்கும். ஃபால்ஸ் சீலிங் என்றால் ஒரு பலகையையாவது கழற்றி, டார்ச் அடித்துத் தளத்தைப் பார்க்காமல் வராதீர்கள்.

தரையில் கோலியை வையுங்கள். பாத்ரூமில் வாட்டம் இருக்கும். ஹாலில், படுக்கையறையில் கோலி ஒரே பக்கம் ஓடினால் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா அறையிலும் ஒரே திசையில் ஓடினால் அது கொத்தனாரின் கைக்கோணல் அல்ல. சுவருக்குத் தூக்குக்குண்டு விடுங்கள்: 10 அடி உயரத்துக்கு 30 மி.மீ. அளவுக்குச் சாய்ந்திருந்தால் இன்ஜினியர் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

கீழ்த்தளத்தில் சுவர் எடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை உடைத்திருப்பார்கள். ரோட்டோர வீடுகளில் கடை ஷட்டர் போட முன் சுவரையே எடுத்திருப்பார்கள். மேல்மாடிச் சுவர் எங்கே நிற்கிறது என்று அளந்து, அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 9 அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 450 கிலோ. 10 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் என்றால் 4 டன்னுக்கு மேல். அது வெறும் தளத்தின் மேல் நின்றால், தளம் தொய்ந்திருக்கும். கீழே நூல் கட்டிப் பார்த்தால் தெரியும்.

மொட்டை மாடிக்குப் போங்கள். சுருக்கித் தளமும் (தளத்தின் மேல் போட்ட சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி அடுக்கு) தட்டோடும் எந்த நிலையில் இருக்கின்றன, தண்ணீர் எங்கே தேங்கிய தடம், மழைநீர்க் குழாயின் வாய் அடைந்திருக்கிறதா, ஓட்டின் மேலேயே ஓடு ஒட்டி எத்தனை அடுக்கு ஏறியிருக்கிறது. ஒழுக்கு வரும்போதெல்லாம் மேலே ஓர் அடுக்கு போட்டால் தளத்துக்கு வீண் சுமை. 5 அங்குல ஆர்.சி.சி. தளமே சதுர அடிக்கு 29 கிலோ. 1,000 சதுர அடிக்கு 29 டன். தண்ணீர்த் தொட்டி எதன் மேல் நிற்கிறது என்றும் பாருங்கள்: 1,000 லிட்டர் என்பது ஒரு டன். சுவர் முனையில் இருந்தால் சரி, தளத்தின் நட்டநடுவில் இருந்தால் சரியில்லை.

விரிசலைப் படிப்பது

விரிசல் இல்லாத பழைய வீடு கிடையாது. எங்கே, எந்தத் திசையில், எவ்வளவு அகலத்தில், இன்னும் வளர்கிறதா என்பவைதான் கேள்வி.

ஏடிஎம் கார்டின் தடிமன் முக்கால் மி.மீ. பூச்சில் வலைவலையாக ஓடி, கார்டு நுழையாத விரிசல்கள் பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வந்தவை. கார்டு தாராளமாக நுழைந்தால் அந்த இடத்தில் பூச்சை உடைத்துச் செங்கல்லும் பிளந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 5 மி.மீ. தாண்டினால் சாதாரணப் பழுது அல்ல. 15 மி.மீ. என்றால் சுவரின் ஒரு பகுதியையே இடித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

தளமும் சுவரும் சேருமிடத்தில் படுக்கைவாட்டில் ஓடும் கோடு வெயிலின் வேலை. 10 மீட்டர் நீளத் தளம், 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 3 மி.மீ. நீண்டு சுருங்கும்; அடியில் இருக்கும் சுவர் அதோடு நகராது. இதற்கு மாடியில் வெப்பத் தடுப்பு போட வேண்டும். விரிசலில் சிமென்ட் திணித்தால் அடுத்த ஏப்ரலில் மறுபடி வரும்.

படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பைப் பிடித்துக்கொண்டு சாய்வாக ஏறும் விரிசல் அஸ்திவாரம் இறங்கியதைக் காட்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது இரண்டு காரணத்தால் வரலாம்: லிண்டல் (ஜன்னலுக்கு மேலுள்ள தாங்கு பட்டை) சுவருக்குள் போதுமான நீளம் போகவில்லை, அல்லது அந்த மூலை இறங்குகிறது. கீழே பேஸ்மட்டத்திலும் அதே நேரில் விரிசல் இருந்தால் இரண்டாவது.

பீமின் நடுவில் அடியிலிருந்து நேராக ஏறும் மெல்லிய விரிசல்கள் வளைவால் வருபவை, அகலம் 0.3 மி.மீ.க்குள் இருந்தால் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளலாம். பீம் சுவரில் அமரும் முனைக்கருகே 45 டிகிரியில் சாய்ந்த விரிசல் வேறு ரகம். அது வெட்டுவிசையால் வருவது, உடையும்போது நேரம் கொடுக்காது. பில்லரில் நெடுக்காக ஓடும் விரிசலும் அப்படியே. இந்த இரண்டில் எதைப் பார்த்தாலும் இன்ஜினியர் சொல்லும் வரை கீழே யாரையும் படுக்க விடாதீர்கள்.

வளர்கிறதா என்று அறிய, பூச்சை எடுத்துவிட்டு விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தில் பதித்துத் தேதி எழுதுவது பழைய முறை, இன்றும் நம்பகமானது. கண்ணாடி உடைந்தால் அசைவு உண்டு. ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருக்க உங்களால் முடியாது என்பது தெரியும். ஆனாலும் முதல் சுற்றிலேயே பதித்துவிட்டால் பத்திரப்பதிவு வரை சில வாரமாவது கிடைக்கும். விரிசலின் உள்ளே பாருங்கள்: தூசும் சிலந்தி வலையும் பழைய பெயின்டும் இருந்தால் பழையது, வெட்டுமுகம் பளிச்சென்று இருந்தால் புதியது.

காங்கிரீட்டும் கம்பியும்

முதலில் சன்ஷேடு. மெல்லியது, மழை நேரடியாகப் படுவது, கவர் (கம்பியை மூடும் காங்கிரீட்டின் கனம்) குறைவாகக் கட்டியது. எனவே வீட்டில் கம்பி துருப்பிடிப்பது அங்கேதான் தொடங்கும். சன்ஷேடின் அடியில் கம்பி போகும் கோட்டிலேயே விரிசலும் துருக்கறையும் இருந்தால், அடுத்து பாத்ரூம் தளம், பிறகு மொட்டை மாடித் தளத்தின் அடிப்பக்கம் என்று போய்ப் பாருங்கள். துரு, தான் தின்ற இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் காங்கிரீட் பெயர்ந்து விழுகிறது. அதன் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே துரு நிற்காது. ஓரிரு மழையில் பூச்சோடு சேர்ந்து விழும்.

தளத்தின் அடியை நீளக்கம்பால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே விட்ட இடம் பொத்தென்று ஒலிக்கும். பொத்தென்ற இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் போட்டோ எடுங்கள். மொத்தப் பரப்பில் எவ்வளவு என்பதுதான் பழுதுச் செலவைத் தீர்மானிக்கும்.

இன்ஜினியர் வந்த பிறகு நடக்க வேண்டிய சோதனைகள்:

ரீபவுண்ட் ஹாமர். பூச்சை எடுத்து, காங்கிரீட் முகத்தைத் தேய்த்துவிட்டு அடிக்க வேண்டும். பூச்சின் மேல் அடித்தால் பூச்சின் கதைதான் வரும். எண் 30 முதல் 40 வரை நல்லது, 20க்குக் கீழே மோசம். ஒரு எச்சரிக்கை: பழைய காங்கிரீட்டின் மேற்பரப்பு காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகிப்போய், உள்ளே இருப்பதை விட நல்ல எண்ணைக் காட்டும். ஹாமர் எண்ணை மட்டும் வைத்து "வீடு ஸ்ட்ராங்" என்று எழுதிய அறிக்கை எதற்கும் உதவாது.

அல்ட்ராசோனிக். ஒலித்துடிப்பு காங்கிரீட்டைக் கடக்கும் வேகம் நொடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது, 3க்குக் கீழே என்றால் உள்ளே பொந்தோ பிளவோ இருக்கலாம். ஹாமரையும் இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பினாப்தலீன். சிறு துண்டைப் பெயர்த்துப் புது முகத்தில் தெளித்தால் நல்ல காங்கிரீட் ரோஸ் நிறமாகும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை வந்துவிட்டால், கம்பிக்கு இதுவரை இருந்த காரப் பாதுகாப்பு போய்விட்டது. செலவு மிகக் குறைவு, சொல்லும் செய்தி மிகப் பெரிது. இதைச் செய்யாத ஆய்வை நாங்கள் முழு ஆய்வாக எண்ணுவதில்லை.

கம்பியைத் திறந்து அளப்பது. இரண்டு மூன்று இடத்தில் கவரை உடைத்து, துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வெர்னியரால் விட்டம் பார்க்க வேண்டும். 12 மி.மீ. கம்பி 10.5 ஆகியிருந்தால் குறுக்குப் பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. மொட்டைக் கம்பியா, முறுக்குக் கம்பியா, டிஎம்டியா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வயதைச் சரிபார்க்க அது இன்னொரு சாட்சி.

மாடி எடுக்கும் எண்ணம் இருந்தாலோ ஹாமரும் அல்ட்ராசோனிக்கும் முரண்பட்டாலோ கோர் (துளைத்தெடுத்த காங்கிரீட் உருளை) எடுத்துக் கல்லூரி ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ அமுக்கிப் பார்க்கலாம். மற்றபடி எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. இன்றைய விதி ஆர்.சி.சி.க்குக் குறைந்தபட்சம் எம்20 கேட்கிறது (எம் என்பது காங்கிரீட்டின் வலிமைத் தரம்). கையால் கலந்த பழைய 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) காங்கிரீட் எம்15 அளவில் நிற்கும். அதற்காகவே வீட்டைத் தள்ளிவிட வேண்டாம்.

"மேலே மாடி எடுக்கக் கம்பி விட்டிருக்கோம்" என்று மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பில்லர் கம்பிகளைக் காட்டுவார்கள். பத்துப் பதினைந்து வருடம் வெயிலிலும் மழையிலும் நின்று துருத்தட்டிய அந்தக் கம்பி எதற்கும் அத்தாட்சி அல்ல. கீழே ஃபுட்டிங் (பில்லரின் அடித்தளம்) எந்த அளவு, பில்லருக்குள் எத்தனை கம்பி என்று தெரிந்தால்தான் மாடியைப் பற்றிப் பேசலாம். மண் சாந்துச் சுவர் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

கடைக்கால் குழி

உரிமையாளர்கள் அதிகம் மறுப்பது இதைத்தான், நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாததும் இதுதான். விரிசல் மோசமாக உள்ள இடத்தில் ஒன்று, நன்றாக உள்ள இடத்தில் ஒன்று என இரண்டு குழி. சுவரை ஒட்டி 3 அடிக்கு 3 அடி, கடைக்காலின் அடிமட்டம் தெரியும் வரை மட்டும். அதற்குக் கீழே ஒரு சாண்கூடத் தோண்டக் கூடாது, சுவர் நெடுக நீளமாகவும் தோண்டக் கூடாது. தாங்கும் மண்ணை எடுத்தால் இல்லாத விரிசலை நாமே உண்டாக்கியதாகும்.

பார்க்க வேண்டியவை: கருங்கல் கட்டு மண் சாந்திலா, சிமென்டிலா, கல்லுக்கிடையே சாந்து கையால் உதிர்கிறதா, அடியில் காங்கிரீட் படுகை உண்டா, மண் செம்மண் கிராவலா, பாறையா, கரிசலா, நிரப்பிய மண்ணா. பீங்கான் ஓடு, பிளாஸ்டிக், செங்கல் துண்டு வந்தால் அது நிரப்பிய மண். இரண்டு குழியிலும் மண் வேறு வேறாக இருந்தால் விரிசலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பார்த்து, போட்டோ எடுத்த அன்றே 6 அங்குல அடுக்குகளாகத் தண்ணீர் விட்டுக் கெட்டித்து மூட வேண்டும்.

செப்டிக் டேங்க் எங்கே என்பதையும் அப்போதே கேளுங்கள். பழைய வீடுகளில் அது போர்ட்டிகோவுக்கோ சமையலறைக்கோ அடியில் ஒளிந்திருக்கும். கசிந்தால் கடைக்கால் மண் எப்போதும் ஊறியே கிடக்கும்.

ஒழுக்குச் சோதனை

கோடையில் வீடு பார்க்கிறவர்கள் மொட்டை மாடியின் குழாய் வாய்களை அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். 2 அங்குலத் தண்ணீர் சதுர அடிக்கு 5 கிலோ சுமை. ஆகவே இன்ஜினியர் தளத்தின் அடியைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே செய்யுங்கள். மெட்ராஸ் டெரஸிலும் கல் பலகைக் கூரையிலும் செய்யவே வேண்டாம். அங்கே ஹோஸ் பைப்பால் இணைப்புகளில் மட்டும் தண்ணீர் விட்டுக் கீழே பார்த்தால் போதும்.

இதோடு போர்த்தண்ணீரையும் ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். குடிக்க லிட்டருக்கு 1.5 மி.கி. என்பது உச்ச வரம்பு. பழுது வேலைக்குக் காங்கிரீட் கலக்க அதே தண்ணீரைப் பயன்படுத்துவதானால் குளோரைடையும் பாருங்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி. வரைதான். வயரிங், எர்த் ஆகியவை கட்டமைப்பு ஆய்வில் வராது. எலக்ட்ரீஷியனைத் தனியாக அழையுங்கள்.

பொதுச்சுவர்

பழைய கடைத்தெரு, அக்ரகாரப் பகுதிகளில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர் இருக்கும்; இரண்டு பக்க உத்திரமும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நாளை இடித்துக் கட்டினால் உங்கள் கூரைக்கு ஆதாரம் போகும். பத்திரத்தில் "பொதுச்சுவர்" என்று எழுதியிருக்கிறதா என்பதை வக்கீலும், அந்தச் சுவர் ஒரு பக்கம் மட்டும் தனித்து நிற்குமா என்பதை இன்ஜினியரும் சொல்ல வேண்டும். இரண்டு பேரையும் ஒரே நாளில் வரவழைத்தால் நல்லது.

அறிக்கையில் இருக்க வேண்டியவை

"பொதுவாக நன்றாக உள்ளது, சிறு பழுதுகள் தேவை" என்று இரண்டு பக்கம் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுங்கள். வீட்டின் தரைப்படம், அதில் எண்ணிட்ட விரிசல்கள், ஒவ்வொன்றுக்கும் போட்டோ, அகலம், காரணம், சோதனை செய்த இடங்களும் எண்களும், குழியில் கண்டது, எது உடனே, எது ஓராண்டுக்குள், எது பிறகு என்ற வரிசை, ஒவ்வொரு பழுதுக்கும் முறை, அளவு, உத்தேசச் செலவு, பெயர், தகுதி, கையெழுத்து, தேதி. இவை வேண்டும்.

இவற்றோடு, எதைப் பார்க்க முடியவில்லை என்ற பட்டியலும் வேண்டும். பூட்டிய அறை, டைல்ஸ் மறைத்த சுவர், பக்கத்து வீட்டோடு ஒட்டிய பக்கம். நேர்மையான இன்ஜினியரின் அறிக்கையில் இந்தப் பகுதி நீளமாகத்தான் இருக்கும். அதைக் குறையாக எண்ணாதீர்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டுதான் உரிமையாளரிடம் அடுத்த பேச்சு.

விலைக்குத் திரும்புதல்

உடனடி, ஓராண்டுப் பழுதுகளின் செலவைக் கூட்டி, அதன் மேல் இன்னும் 20 சதவீதம் சேருங்கள். பழைய வீட்டில் உடைத்தபின் தெரியவரும் வேலை எப்போதும் உண்டு. இந்தத் தொகையைத்தான் விலையில் குறைக்கக் கேட்கிறீர்கள். "நானே சரிபண்ணிக் கொடுத்துடறேன்" என்று உரிமையாளர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விற்கப்போகிற வீட்டுக்கு யாரும் துருவைச் சுரண்டி, கம்பிக்குத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் சாந்து வைக்கப் போவதில்லை. சிமென்ட் பூசிப் பெயின்ட் அடிப்பார்கள். விலையைக் குறைத்துக்கொண்டு வேலையை நீங்களே செய்யுங்கள்.

விலை எவ்வளவு குறைந்தாலும் விட வேண்டிய வீடுகள் உண்டு: கீழ்த்தளப் பில்லர்கள் பலவற்றில் கம்பி அரித்தவை; நிரப்பிய கிணற்றின் மேலோ ஓடையின் மேலோ நின்று இன்னும் இறங்கிக்கொண்டிருப்பவை; பொதுச்சுவர் வழக்கில் கிடப்பவை. மனைக்காகவே வாங்குவதானால், இடித்து அள்ளும் செலவையும் கழித்துக்கொண்டு, காலி மனை விலைக்கு மட்டும் பேசுங்கள்.

குழி தோண்டவும் ஒரு சதுர அடி பூச்சு உடைக்கவும் உரிமையாளர் சம்மதிக்கவே இல்லை என்றால்? உடைத்த இடத்தைப் பூசித் தருவதாகவும், குழியை அன்றே மூடுவதாகவும் எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அப்படியும் மறுத்தால், கடைக்கால் மண் சாந்திலும் தளத்துக் கம்பி துருவிலும் இருப்பதாகவே வைத்துக்கொண்டு இன்ஜினியரைச் செலவு போடச் சொல்லுங்கள். அந்தச் செலவு கழியும் அளவுக்கு உரிமையாளர் விலையில் இறங்கி வந்தால் வாங்கலாம்.